சும்மா கண்ணை மூடியிருந்தேன்

முதலில் சிரித்தவன் கோமதிநாயகம்தான். மதினி வாய் திறந்தது அதற்குப் பிறகு. கதிரேசன் அந்தச் சொல்லைச் சொன்னது அதற்கும் பிறகு. இந்த வரிசையை வெயிலுமுத்து ஒருநாளும் மாற்றி நினைத்ததில்லை. தென்காசியில், ஆஸ்பத்திரியின் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே, ஒன்றோடொன்று கோத்த இரும்பு நாற்காலி ஒன்றில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிற இந்தக் காலை வேளையிலும் அது அதே வரிசையில்தான் வந்தது. போன வருசம் அந்த மத்தியானம் அண்ணன் சொரிமுத்து ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். சூரத்திலிருந்து அவன் மகள் வந்து சேரவேண்டும் என்று காத்திருந்தார்கள். பந்தல் துணி வழியாக மத்தியான வெயில் மஞ்சளாக இறங்கியது. பெட்டியின் தலைமாட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். பெட்டி ம்ம்ம் என்று ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது, அது மட்டும்தான் அவருக்குத் தெரியும். சும்மா கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அழுகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தனை பெண்களும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மச்சினன் கோமதிநாயகம் எதிரே நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, "பெட்டிக்குள்ள இருக்கவரு சத்தமில்லாம கெடக்காரு, வெளிய இருக்கவருதான்வே போட்டு அறுக்காரு" என்றான். யாரோ கொக்கென்று சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது கஷ்டம், அதுவும் அவருக்குத் தெரியும், அவரே சில இடங்களில் சிரித்திருக்கிறார், ஆனால் தம்பிக்காரனைப் பார்த்தா சிரிப்பது? மதினி பெட்டியின் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "தூங்கட்டும். அவருக்கு என்ன, ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கும்" என்றாள். என்ன பாரம்? அண்ணன் எப்போது இவருக்குப் பாரமாக இருந்தான்? விடியற்காலையில் மூச்சில்லை என்று போன் வந்ததிலிருந்து, டாக்டரைக் கூட்டிவந்தது யார், ஐஸ் பெட்டிக்கு அலைந்தது யார், பந்தல்காரனிடம் கத்தியது யார். அதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வறண்டு அண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது, குறட்டைவிட்டு எழுந்த வாய் எப்போதும் அப்படித்தான் கிடக்கும், குறட்டை இல்லை, சும்மா கண்ணை மூடியிருந்த வாய்.

"பாஸ்டிங்கா ஐயா?" என்று ஒரு பெண் வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம் என்று தலையசைத்தார். நேற்று ராத்திரிச் சோற்றோடு சரி. வீட்டுக்காரி ஆவுடை டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பவில்லை. அந்த டாக்டரம்மாவிடம் இவர் போனது முட்டிவலிக்கு. அவள் முட்டியைப் பார்த்துவிட்டுக் கழுத்தைப் பார்த்தாள், சட்டைக் காலருக்கு மேலே மடிந்து கிடக்கும் சதையை. ரத்தக்கொதிப்புக்கு இரண்டு மாத்திரை போட்டும் ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். அப்புறம், "பகல்ல உட்கார்ந்த இடத்துல தூங்கிருவீங்களோ?" என்றாள். இவர் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை திறந்துவிட்டாள். "பேசிக்கிட்டே தூங்குவாக டாக்டர். ராத்திரி மூச்சு நின்னுபோகும். நான் உலுக்குவேன். உலுக்கினா ஏன்ட்டி எழுப்பினன்னு ஏச்சு." டாக்டரம்மா சிரிக்கவில்லை. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது, மூச்சு நிற்கிறது, திணறி மறுபடி வருகிறது, ராத்திரி முழுவதும் இப்படி, அதனால் தூங்கியும் தூங்காத உடம்பு, பகலில் போட்டது போட்டபடி விழுகிறது, இது வியாதி, சோம்பல் இல்லை என்றாள். இது வியாதி, சோம்பல் இல்லை. அந்த இடத்தில்தான் வெயிலுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தரம் சொல்லுங்க என்று கேட்கத் தோன்றியது. கோமதிநாயகத்தைக் கூட்டிவந்து அந்த ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு இன்னொரு தரம் சொல்லுங்க. மெஷின் மாட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், ஆனால் மெஷின் கொஞ்சம்தான், ஆட்கள் நிறைய. அதனால் ரத்தத்தில் சில அடையாளங்களைப் பார்த்து, யாரை முதலில் தூங்கவைப்பது என்று பிரிக்க முடியுமா என்று இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம், ரத்தம் மட்டும் முடிவு சொல்லாது, நீங்களும் கொடுக்கிறீர்களா என்றாள். கொடுக்காமல்? எத்தனை குப்பி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். முடிவு சொல்லாது என்றதை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ரத்தம் பேசும். மனுசர்கள் பேசாத இடத்தில் ரத்தம் பேசும். அடுத்த மாசம் அண்ணனுக்கு வருசத் திதி. கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாமலே போய், சொந்தக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் நின்று, வியாதிடா, எனக்கு வியாதி என்று சொல்லவேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் நல்ல ரிசல்ட் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கெட்டது வரவேண்டும் என்று மாடனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். வராவிட்டால்? ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஒண்ணுமில்லை ஐயா, நல்லா இருக்கு என்றால்? நல்லா இருக்கிறவன் அண்ணன் பிணத்துக்கு முன்னால் ஏன் தூங்கினான்? அந்தக் கேள்வி ஒரு முள் மாதிரி, பக்கத்தில் போனால் போதும், குத்தும்.

"அண்ணாச்சி, மேல சாயுதீங்க" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள். முக்காடு போட்டிருந்தாள், மடியில் ஒரு டிபன் பையும் தண்ணீர் பாட்டிலும். கடையநல்லூர், பேர் ஜைத்தூன் பீவி, வீட்டுக்காரர் உள்ளே எக்ஸ்ரே படம் எடுக்கப் போயிருக்கிறார், அவருக்கும் இதே சோதனைதான், எல்லாம் வந்து உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டாள். "சாயலைம்மா. சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றார். "எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு. அவரு கண்ணை மூடியிருக்க சத்தத்துல எங்க பூனை தெருவோட போயிட்டு." வெயிலுமுத்து சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்பெல்லாம் அவருக்குப் பழக்கம். செங்கோட்டையில் அறுவை மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்க, சாப்பாட்டு நேரத்தில் மரத்தூள் குவியலில் அண்ணனும் இவரும் சாய்ந்தால் மற்றவர்கள் சொல்வார்கள், மொதலாளி மெஷினை நிறுத்தினாலும் ரெண்டு வாளு நிக்கலையே என்று. அண்ணன் குறட்டை கனத்த குறட்டை, தேக்கு அறுக்கிற மாதிரி. இவருடையது வாகை. அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மெஷினுக்கு முன்னால்? அங்கே எவனாவது இவர் தூங்கிப் பார்த்திருக்கிறானா? இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தார். பத்து விரலும் இருக்கிறது. அந்த மில்லில் வேலை பார்த்துப் பத்து விரலோடு வெளியே வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தூங்குகிறவன் கையில் பத்து விரல் இருக்குமா? சுற்றி ஓடுகிற ரம்பப் பட்டைக்கு இந்தப் பக்கம் அண்ணன் மரத்தைத் தள்ளுவான், அந்தப் பக்கம் அறுந்து வருவதை இவர் பிடித்து இழுப்பார். அண்ணன் முகம் ஓடுகிற பட்டைக்குப் பின்னால் ஆடி ஆடித் தெரியும். மர வாசனை மூக்கில் ஏறும், தேக்கு கொஞ்சம் தோல் மாதிரி, பலா இனிப்பாக, ஈர மரம் என்றால் புளித்த கஞ்சி மாதிரி. தூசியில் இமை கனக்கும். பட்டை ம்ம்ம் என்று ஒரே மாதிரி ஓடும், ஐஸ் பெட்டி மாதிரி, இல்லை, ஐஸ் பெட்டிதான் இது மாதிரி, அண்ணன் தள்ளுவான், இவர் இழுப்பார், தள்ளுவான், இழுப்பார், மரம் நீளமாக வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாத மரம், அதன் மறு நுனியில் அண்ணன் படுத்திருக்கிறான், கண்ணாடிக்குள், இவர் இழுக்கிறார், வரவில்லை, தூக்கவேண்டும், தோளைக் கொடுக்கவேண்டும், தம்பி தோள் தலைமாட்டில் வலது பக்கம், அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம், அப்பாவுக்குச் சித்தப்பா கொடுத்தார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இவர் குனிகிறார், கதிரேசன் கையை நீட்டித் தடுக்கிறான், நீர்மாலை எடுக்கக் குளித்த தண்ணீர் இன்னும் அவன் தலையிலிருந்து சொட்டுகிறது, அண்ணன் மகன், இவர் தோளில் ஏறி அச்சன்கோவில் தேர் பார்த்தவன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சித்தப்பா நீங்க ஒதுங்கி நில்லுங்க, வழியில கண் அசந்து அப்பாவைக் கீழ போட்டிருவீங்க, ஒதுங்கி நில்லுங்க, அந்த இடத்தில் கோமதிநாயகம் வந்து தோளைக் கொடுக்கிறான், கோமதிநாயகம், மச்சினன், அவனுக்கு என்ன உரிமை, கத்தப் பார்க்கிறார், தொண்டை அடைத்துக்கொண்டது, உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை, மார்பு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கிறது, தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி, வெளிச்சம் மேலே எங்கேயோ, டொக் டொக்.

டொக் டொக்.

மூச்சு கிழிந்து உள்ளே வந்தது. கண்ணைத் திறந்தார். ஜன்னல் வெயில் எதிர்ச் சுவரிலிருந்து இறங்கி இவர் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. ஜைத்தூன் பீவி தண்ணீர் பாட்டிலின் அடியால் இவர் நாற்காலியின் இரும்புக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்நிய ஆணைத் தொட்டு எழுப்ப முடியாது, அதனால் தட்டியிருக்கிறாள். "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீங்க, சத்தம் டக்குனு நின்னுபோச்சு, நான் பயந்துட்டேன். உங்க பேரைக் கூப்பிட்டாங்க, ரெண்டு மூணு தரம். வெயிலுமுத்து நீங்கதான? ஆளைக் காணலைன்னு அடுத்த ஆளை எடுத்துட்டாங்க. எனக்கு உங்க பேரு தெரியாதுல்லா." இங்கேயும் ஒதுக்கிவிட்டார்கள். இங்கேயும் வேறு எவனோ இவர் இடத்தில் போய்விட்டான். கோபம் ஏறியது, ஏறி, பாதியில் நின்றது. டொக் டொக். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. இரும்பில் தட்டிய சத்தம்தான், ஆனால் அவர் காதில் அது மரத்தில் விழுந்த சத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் கையில் எப்போதும் ஒரு கொட்டாப்புளி இருக்கும். மரச் சுத்தியல், அவனே கருவேலங்கட்டையில் செதுக்கியது. மரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் அதில் இரண்டு தட்டு. டொக் டொக். ஏன் என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டால், உள்ளே ஆணி இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும்டே என்பான். பழைய வீட்டு உத்தரமும் அறுக்க வரும், ஆணியில் பட்டால் பட்டை அறுந்து ஆளை அடிக்கும். எல்லோரும் நம்பினார்கள். இவரும் நம்பினார், இத்தனை வருசம். ஆனால் அண்ணன் மரம் ஏற்றும்போது மட்டுமா தட்டினான்? நடுவிலும் தட்டுவான். பட்டை பாதி மரத்தைத் தின்றிருக்கும்போது, தள்ளுவதை நிறுத்திவிட்டு, டொக் டொக். இவர் நிமிர்ந்து பார்ப்பார். ஓடுகிற பட்டைக்குப் பின்னால் அண்ணன் முகம் ஆடும், அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான், மறுபடி தள்ளுவான். பாதி அறுத்த மரத்தில் என்ன ஆணியைத் தேடினான்? நேற்று வெட்டி வந்த பச்சைப் பலாவில் ஆணி எங்கிருந்து வரும்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏன் அந்தத் தட்டு அதிகம் கேட்டது? வெயிலுமுத்து தன் இரண்டு கைகளையும் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை அவை வேறு யாருடைய கைகளோ மாதிரி இருந்தன, யாரோ பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்த மாதிரி. எதிரே தம்பி கண் அசருகிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒருத்தனிடமும் சொல்லவில்லை, முதலாளியிடம் சொல்லவில்லை, மதினியிடம் சொல்லவில்லை, இவரிடமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குப் பந்தலில் மதினி அப்படிப் பேசியிருப்பாளா? சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தான். அவனை யார் தட்டினார்கள்? விடியற்காலையில் அந்தத் தேக்குக் குறட்டை நின்றபோது, கட்டிலைத் தட்ட யார் இருந்தார்கள்? மதினி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பக்கத்து அறையில்தான் படுப்பாள், பாவம், அவளும் எத்தனை வருசம் கேட்பாள். பாவமா? அவளுக்கா பாவம் பார்ப்பது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எதுவும் வலிக்கவில்லை.

"உள்ள வாங்க ஐயா" என்று கதவருகே நின்ற பெண் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து கையை நீட்டினார். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, விரலால் நரம்பைத் தேடி, "கெட்டியான கை ஐயா" என்றாள். ஊசி ஏறியது. ரத்தம் குப்பியில் கறுப்பாக இறங்கியது. ஒன்று, இன்னொன்று. இதுதான் பேசப்போகிறதா? பார்த்தால் ஒன்றும் பேசுகிற மாதிரி இல்லை, அறுத்த மரத்தில் கசியும் சாறு மாதிரி இருந்தது. "கூடப் பிறந்தவங்க யாருக்கும் இப்படிக் குறட்டை உண்டா?" "அண்ணனுக்கு." "அவங்களையும் ஒரு தரம் வரச்சொல்லுங்க." "வரமாட்டான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள், புரிந்துகொண்டு பஞ்சை வைத்து அமுக்கினாள். "தூக்கத்துலயா?" "தூக்கத்துல." "அவங்க பிள்ளைங்க?" அப்போதுதான் கதிரேசன் கழுத்து அவர் கண்முன்னால் வந்தது, துண்டு கட்டிய, நீர் சொட்டிய, தடித்த கழுத்து, பிடரியில் மடிந்து கிடக்கும் சதை. அவர்கள் வம்சக் கழுத்து. "ஒரு பொண்ணு, ஒரு பையன். அவனுக்கும் உண்டு. சின்னப் பிள்ளையிலிருந்தே உண்டு." "என்ன வேலை பாக்காங்க?" "வண்டி ஓட்டுதான். ஸ்கூல் வேன்." அந்தப் பெண் குப்பியில் பேர் ஒட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அப்போ சீக்கிரம் வந்து டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க ஐயா. உங்க ரிசல்ட் வர நாலஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். வண்டி ஓட்டுறவங்களை முன்னாடியே பார்ப்பாங்க."

வெளியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஜைத்தூன் பீவி டிபன் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. அவன் வரட்டும். அவன்தான் முதலில் வரவேண்டும். ஒரு வருசமாக இந்த முகத்தைப் பார்க்காதவன், பஜாரில் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இவரைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றியவன். அவன் வந்து, சித்தப்பா அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் கழுத்தைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் பேசலாம். நாமாகப் போன் போட்டால் என்ன நினைப்பான்? கிழவன் இறங்கிவந்துவிட்டான் என்று நினைப்பான். கோமதிநாயகத்திடம் சொல்லுவான், அவன் துண்டால் வாயைப் பொத்துவான். கூடாது. ஆவுடையை விட்டு மதினியிடம் சொல்லச் சொல்லலாம். ஆவுடை சொன்னால் மதினி, அவருக்கு வியாதின்னா ஊருக்கே வியாதியாக்கும் என்பாள். அப்போ போகட்டும். போகட்டும் என்று நினைத்ததும் வேன் வந்தது, மஞ்சள் வேன், ஜன்னல்களில் தண்ணீர் பாட்டில்கள் தொங்க, கூப்பாடு போடுகிற பிள்ளைகளோடு, குற்றாலம் ரோட்டுப் புளியமர நிழலில், நிழலும் வெயிலும் நிழலும் வெயிலும், இன்ஜின் ம்ம்ம் என்று ஒரே மாதிரி, கதிரேசன் சும்மா கண்ணை மூடியிருக்கிறான். அவன் முன்னால் கொட்டாப்புளியோடு யார் நிற்கிறார்கள்? வெயிலுமுத்துவின் கை போனில் அவன் பேரைத் தேடிக்கொண்டிருந்தது. அழித்துவிட்டதாக ஆவுடையிடம் சொல்லியிருந்தார். அழிக்கவில்லை.

ரொம்ப நேரம் அடித்து, நிற்கப்போகும்போது எடுத்தான். "ஆங்... யாரு?" குரல் மரத்தூளில் புதைந்து கிடந்தது. "நான்தாம்லே. தூங்கிக்கிட்டிருந்தியா?" "இல்ல... இல்ல சித்தப்பா. சும்மா கண்ணை மூடியிருந்தேன்." "வண்டி எங்க நிக்கி?" "ஸ்கூல் வாசல்ல. நிப்பாட்டிதான் போட்டிருக்கேன். என்ன சித்தப்பா, சித்திக்கு ஏதாவது?" "சித்தி நல்லாத்தான் இருக்கா. நீ கேளு. பேசாம கேளு." சொன்னார். டாக்டரம்மா சொன்ன மாதிரி வரவில்லை, தொண்டை, சதை, மூச்சு, மெஷின் என்று முன்னே பின்னே குழம்பித்தான் வந்தது. உங்கப்பனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்லே என்றார். "வந்து காட்டு. காட்டுற வரைக்கும் பிள்ளைகளை ஏத்தாத. சாயங்காலம் வேற ஆளை விட்டு ஓட்டச் சொல்லு." அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி கேட்டது. அப்புறம், "ஓனர் ஏசுவாரு" என்றான். "ஏசட்டும்." "சரி. முருகேசனைக் கேக்கேன். நாளைக்கு வாறேன்." "இன்னைக்கு வா. நான் இங்கதான் இருக்கேன்." "சரி சித்தப்பா."

இப்போது சொல்லுவான். வெயிலுமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அவனுக்கு இடம் விட்டார், உத்தரம் இறக்க ஆள் ஒதுங்கி நிற்கிற மாதிரி. "வேற ஒண்ணும் இல்லையே சித்தப்பா?" என்றான் கதிரேசன். "எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு ஏதும் சொல்லணும்னு இருந்தா சொல்லு." "எனக்கு என்ன?" அப்புறம் பேச்சில்லை. யோசிக்கிறான் என்று நினைத்தார். அன்றைய நாள் அவனுக்கும் நினைவு வருகிறது, நீர்மாலை, துண்டு, நீட்டிய கை, வரட்டும், மெதுவாக வரட்டும், இத்தனை நாள் காத்தவருக்கு இன்னும் கொஞ்சம் காக்கத் தெரியாதா. போனில் மூச்சு நீண்டது. நீண்டு, கனத்து, அடியில் எங்கேயோ கரகரவென்று பிடித்தது. தேக்கு. அச்சு அசலாக அண்ணனின் தேக்கு. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, அப்புறம் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. வெயிலுமுத்து ஜைத்தூன் பீவி மடியிலிருந்த பாட்டிலைக் கேட்காமலே எடுத்தார். போனை நாற்காலியின் இரும்புக் கையோடு சேர்த்துப் பிடித்து, பாட்டிலை ஓங்கி, டொக் டொக் என்று தட்டினார். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஆங்... இருக்கேன் சித்தப்பா, இருக்கேன்" என்று திணறிக்கொண்டு வந்தது குரல். "இறங்கி முகத்தைக் கழுவு. பஸ்ஸுல வா. வண்டியை எடுத்தியோ, பாத்துக்கோ" என்று சொல்லி வைத்தார். "யாரு அண்ணாச்சி, மகனா?" என்றாள் ஜைத்தூன் பீவி. "எனக்குத் தர வேண்டிய வார்த்தை ஒண்ணு வச்சிருக்கான்" என்றார். பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலது தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.